சருகுப் பை: 10 கிராம் வைத்தேன், 11.4 கிராம் வருகிறது!

தேக்குமரத்தான் | ராமமூர்த்தி நகர் | அக்டோபர் 12, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன். இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

பெங்களூர் பக்கம் தொட்டபள்ளாபூர் தாண்டி மாமனாருக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் தேக்கு வைத்தார். வேலியோரம் சில்வர் ஓக், கிணற்றுப் பக்கம் ஒரு வரிசை புங்கம். அதற்கும் முன்னால் அது நீலகிரித் தோப்பு. (நம் ஊரில் தைலமரம் என்போமே, அதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். "நீலகிரியை வெட்டணும்" என்று தோட்டக்காரர் முதல்முறை சொன்னபோது மலையை எதற்கு வெட்டுகிறார் என்று முழித்தேன்.)

வருஷாவருஷம் பிப்ரவரியில் தோட்டக்காரர் தேக்குச் சருகை எல்லாம் பெருக்கிக் கொளுத்திவிடுவார். இந்த வருஷம் நான் தடுத்துவிட்டேன். "சாம்பல்தான் எரு, உனக்கென்ன தெரியும்" என்று மாமனார். "கிடந்து மக்கினால்தான் எரு" என்று நான். பேச்சு முற்றி, அளந்தே பார்த்துவிடலாம் என்று முடிவானது.

கொசுவலைத் துணியில் 20 செ.மீ. சதுரப் பைகள். தைத்த தையல்காரர் "வெங்காயம் போடவா சார்?" என்று கேட்டார். ஒவ்வொரு பையிலும் காய்ந்த சருகு 10 கிராம், சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தது. தேக்கு, சில்வர் ஓக், புங்கம் மூன்றிலும் ஆறாறு பை. ஜூன் முதல் வாரம் தரையோடு தரையாகப் பதித்து, ஆணி அடித்தேன். நான்கு மாதம் கழித்து வகைக்கு மூன்று எடுத்து, வெயிலில் காயவைத்து, பிறகு வீட்டு அவனில் 70 டிகிரியில் எடை மாறாத வரைக்கும் வைத்தேன். சராசரி:

புங்கம் – 3.2 கிராம்
சில்வர் ஓக் – 8.1 கிராம்
தேக்கு – 11.4 கிராம்

மக்கினால் எடை குறையணும். கூடுவது எப்படி? மாமனார் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

கேஜிஎஃப் பையன் | அக்டோபர் 12, இரவு 9:25

தல, தேக்குதான் உள்ளேயே வளர ஆரம்பிச்சிடுச்சு போல 😄

தராசு சரியா? எங்க வீட்டுத் தராசு பேட்டரி இறங்கினா நல்ல நாளிலேயே ரெண்டு கிராம் கூடக் காட்டும்.

ஜெயநகர் மங்கை | அக்டோபர் 12, இரவு 9:52

தேக்குப் பையைப் பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது? எடையை விடுங்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். முடிந்தால் படம் போடுங்கள்.

தேக்குமரத்தான் | அக்டோபர் 12, இரவு 10:15

படம் ஏற மறுக்கிறது. எழுதியே சொல்கிறேன்.

பையின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டிப்போயிருந்தது, பிய்த்துத்தான் எடுத்தேன். வலையில் இரண்டு மூன்று இடத்தில் கடித்தாற்போல ஓட்டை. உள்ளே இலையின் மேல் சிவப்பாக, விரல் வைத்தால் பொடியும் மெல்லிய மண் பூச்சு. தேக்கிலை நரம்பு மேல் சுவர் எழுப்பினாற்போல வரிசையாகப் போயிருந்தது. பூச்சைத் தட்டினால் அடியில் இலை சல்லடையாகிவிட்டது, நரம்பு மட்டும் மிச்சம். ஓக்கில் அப்படி ஏதுமில்லை. அதில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, நாலைந்து இலையைச் சேர்த்துத் தைத்தது போல. புங்கத்தில் காம்பும் கறுப்பாகக் கொஞ்சம் தூளும்.

சருகுக்கிழவர் | யெலஹங்கா | அக்டோபர் 13, காலை 5:48

தம்பி, உங்கள் மாமனாரிடம் சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அது கரையான் பூச்சு. கரையான் வெயிலில் வேலை செய்யாது. இலை மேல் முதலில் மண் கூரை போட்டுக்கொண்டு, அதன் நிழலில் இருந்து தின்னும். தின்ற இலை போய்விட்டது, போட்ட கூரை நின்றுவிட்டது. நீங்கள் எடை போட்டது கூரையை.

முப்பது வருஷம் மரத்தோட்டங்களில் இதே பையைப் பதித்து எடுத்தவன் நான். இந்தத் தவறு எல்லோருக்கும் வரும். சருகுப் பை முறை 1957இல் இங்கிலாந்துக் காடுகளிலிருந்து வந்தது. அங்கே கரையான் கிடையாது. நம் செம்மண்ணில் அதே பையை அப்படியே போட்டால் மண்ணையும் சேர்த்துத்தான் நிறுப்போம்.

மண்ணைக் கழிக்க வழி உண்டு. காய்ந்ததைப் பொடித்து, அதிலிருந்து ஒரு கிராம் எடுத்து, 550 டிகிரி உலையில் சாம்பலாக்குங்கள். எரிந்து போனது இலை, நின்றது மண்ணும் இலையின் தாதுவும். ஆரம்பத்தில் வைத்த சுத்தமான சருகுக்கும் அதையே செய்து ஒப்பிட்டால் உண்மை வெளிவரும். வீட்டு அவனில் நடக்காது, யாராவது கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள்.

ஜெயநகர் மங்கை | அக்டோபர் 13, காலை 8:30

ஐயா சொன்னதுதான். உலை எங்கள் துறையில் இருக்கிறது. பைகளை ஜெயநகருக்குக் கொண்டுவந்து கொடுங்கள், மாணவர்களுக்கும் ஒரு செய்முறையாகிவிடும். பையில் வைக்காத சுத்தமான சருகிலும் ஒரு கைப்பிடி வேண்டும், தனியாக நிலத்துச் செம்மண்ணும் ஒரு கைப்பிடி.

மண் எதற்கு என்றால், செம்மண்ணையே அந்தச் சூட்டில் வைத்தாலும் கொஞ்சம் எடை குறையும். களிமண்ணுக்குள் கட்டுண்ட நீர் வெளியேறும். அதையும் இலை எரிந்த கணக்கில் சேர்த்துவிட்டால், நிஜத்தில் இருப்பதைவிட இலை அதிகம் மிஞ்சியதாகத் தோன்றும்.

நெறியாளர் | அக்டோபர் 13, காலை 9:05

தனிப்பட்ட தொலைபேசி எண்களை இங்கே போடவேண்டாம். தனிச்செய்தியில் பேசிக்கொள்ளவும்.

புங்கமரத்தடி | அத்திப்பள்ளி | அக்டோபர் 13, இரவு 8:40

எங்க ஊர் தர்மபுரிப் பக்கம். அப்பா காலத்துல நடவுக்கு முன்னாடி சேத்துல புங்கந்தழையை வெட்டிப் போட்டு, காலால மிதிச்சு அமுக்குவோம். எருக்கு, ஆவாரம், வேம்பு, எது கிடைச்சாலும் போடுவோம். ஆனா புங்கம்னா தனி மவுசு. ரெண்டு வாரத்துல தழை கரைஞ்சு சேறு கறுத்துடும், நடவு செஞ்ச பயிர் பச்சையா எழும்பும். ஒருத்தரும் தேக்கிலையை வயல்ல போட்டுப் பாத்ததில்ல. இந்தப் புத்தி அப்பவே இருந்துச்சு, பை தைக்காமலேயே. 🙂

இங்க கன்னடக்காரங்க அதையே ஹொங்கேன்னு சொல்றாங்க. ஒரே மரம், ஒரே வேலை.

சருகுக்கிழவர் | அக்டோபர் 14, காலை 6:02

புங்கமரத்தடி சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் மிதித்தது பச்சைத் தழை. தேக்குமரத்தான் பையில் வைத்தது தானாக உதிர்ந்த பழுப்பிலை. இரண்டும் ஒன்றில்லை. மரம் இலையை உதிர்க்கும் முன் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் அனுப்பும். தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழ பாதியை இழுத்துக் கிளைக்குள் வைத்துக்கொள்ளும். இலை மஞ்சளாவதே அந்தக் கணக்குத் தீர்ப்புதான். சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) அப்படி இழுக்க முடியாது, அது இலையோடே போகும்.

ஆகவே புங்கச் சருகு நான்கு மாதத்தில் இந்தளவு கரைந்திருந்தால், கவாத்து செய்த பச்சைக் கிளை இன்னும் வேகமாகக் கரையும்.

கேஜிஎஃப் பையன் | அக்டோபர் 14, காலை 10:20

சரி பெரியவரே, ஒரு சந்தேகம். இலை காணாமப் போச்சுன்னா சத்து மண்ணுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தமா? எடை குறைஞ்சதும் சத்து வந்ததும் ஒண்ணுதானா?

ஜெயநகர் மங்கை | அக்டோபர் 14, மதியம் 1:15

இல்லை தம்பி, இந்த இழையில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு நேரத்துக்குக் கிளம்புகிறது.

சாம்பல்சத்துதான் (பொட்டாசியம்) முதலில் ஓடும். அது இலையின் எந்தக் கட்டமைப்பிலும் சேராமல் சாற்றில் கரைந்தே இருக்கிறது. பூஞ்சைகூட வேண்டாம், நாலு நல்ல மழை போதும். ஒரு காய்ந்த தேக்கிலையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் அந்த டிக்காஷன் நிறத்தைப் பாருங்கள். இலை முழுசாக இருக்கும், சாம்பல்சத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு வந்திருக்கும். சுண்ணாம்புச்சத்து நேர்மாறு. செல் சுவரோடு கட்டுண்டது, சுவர் இடிந்தால்தான் வரும். மெக்னீசியம் இரண்டுக்கும் நடுவில்.

தழைச்சத்துதான் வம்பு. தேக்குச் சருகில் கரிமம் (கார்பன்) கிட்டத்தட்ட பாதி, தழைச்சத்து சுமார் 1 சதவீதம். 50க்கு 1. மக்கவைக்கிற பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் தன் உடம்பைக் கட்ட அதைவிட எவ்வளவோ அதிகமாகத் தழைச்சத்து வேண்டும். இலையில் போதாததை மண்ணிலிருந்து இழுக்கும். வேலைக்கு வந்த ஆள் சோறு கொண்டுவராமல் நம் அடுப்படியில் கைவைக்கிற மாதிரி. அதனால் முதல் சில மாதம் பையில் இலை குறைந்துகொண்டே வந்தாலும், உள்ளே இருக்கும் தழைச்சத்தின் மொத்த அளவு ஏறக்கூடச் செய்யும். கரிமம் மூச்சாக வெளியேறி, விகிதம் 25, 30க்கு 1 என்று இறங்கிய பிறகுதான் மண்ணுக்குத் திரும்பத் தரும்.

ஓக் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அதில் லிக்னினும் (இலையை விறைப்பாக்கும், எளிதில் மக்காத பொருள்) டானின் வகைகளும் (துவர்ப்புப் பொருள்கள்) அதிகம். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும். அதனால் வெறும் தழைச்சத்து சதவீதத்தைப் பார்த்து இலையை எடைபோடக் கூடாது, லிக்னினுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதத்தையும் பார்க்கவேண்டும். 1980களிலேயே காட்டுச் சூழலியல் ஆட்கள் இதைக் கண்டுகொண்டார்கள்.

மாடித்தோட்டக்காரி | எச்.எஸ்.ஆர். லேஅவுட் | அக்டோபர் 14, மாலை 4:50

ஐயோ, அப்போ என் கத்தரிக்காய் கதை இதுதானா! போன வருஷம் எங்கள் தெருவில் பெருக்கி வைத்த சில்வர் ஓக் சருகை இரண்டு மூட்டை கொண்டுவந்து, தொட்டி மண்ணில் நன்றாகக் கலந்து, கத்தரி வைத்தேன். ஒரே மாசத்தில் கீழிலை எல்லாம் மஞ்சள். தண்ணீர் ஜாஸ்தி என்று வீட்டுக்காரர், பூச்சி என்று பக்கத்து வீட்டு மாமி. கடைசியில் பிடுங்கிப் போட்டேன்.

ஜெயநகர் மங்கை | அக்டோபர் 14, மாலை 5:05

@மாடித்தோட்டக்காரி பெரும்பாலும் அதுதான் காரணம். காய்ந்த சருகை மண்ணுக்குள் கலக்காதீர்கள், மேலே மூடாக்காகப் போடுங்கள். மேலே கிடந்தால் பூஞ்சையின் கை வேரடி வரைக்கும் எட்டுவது குறைவு. கலக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் தனியாக மக்கவைத்துவிடுங்கள்.

தேக்குமரத்தான் | அக்டோபர் 26, இரவு 10:30

முடிவு வந்துவிட்டது! மங்கை மேடத்துக்கும் மாணவர்களுக்கும் நன்றி. மண்ணின் எடை இழப்பையும் கழித்த பிறகு, ஆரம்பத்தில் இருந்த இலையில் நான்கு மாதம் கழித்து மிஞ்சியது:

புங்கம் – 20 சதவீதம்
தேக்கு – 43 சதவீதம்
சில்வர் ஓக் – 72 சதவீதம்

11.4 கிராமில் பாதிக்கு மேல் மண்! மாமனாரிடம் காட்டினேன். "சரி, கரையான் தின்னுச்சு. தின்னது கரையான் வயித்துக்குப் போச்சா, என் மரத்துக்கு வந்துச்சா?" என்கிறார். மனுஷன் விடமாட்டார்.

சருகுக்கிழவர் | அக்டோபர் 27, காலை 5:30

மாமனார் கெட்டிக்காரர். நம் பக்கத்துப் புற்றுக் கரையான் பலவும் இலையை நேராகச் செரிப்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய்ப் பூஞ்சை வளர்க்கிறது, பூஞ்சை மென்மையாக்கியதைத் தின்கிறது. சத்து கொஞ்ச காலம் புற்றில் குவிந்துதான் இருக்கும். புற்று மண்ணை எடுத்து வயலில் போடுகிற வழக்கம் சும்மா வரவில்லை. ஆகவே "பையிலிருந்து போனது" என்பதை "மரத்துக்குக் கிடைத்தது" என்று எழுதிவிடாதீர்கள். பையிலிருந்து நொறுங்கி வலைக்கண் வழியாக விழுந்த தூளும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வேகக் கணக்கு வேண்டுமானால், 1963இல் ஓல்சன் கொடுத்த எளிய சூத்திரம் இருக்கிறது. மிச்சப் பங்கின் இயல் மடக்கையை (natural log), மைனஸ் குறியை நீக்கி, வருஷக் கணக்கிலான காலத்தால் வகுத்தால் வருஷ விகிதம் கிடைக்கும். உங்கள் தேக்குக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 2.5. அதாவது பாதி கரைய மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஓக்குக்கு ஏறத்தாழ 1, பாதி கரைய எட்டு மாதம். ஆனால் இது ஜூன் முதல் அக்டோபர் வரையான மழைக்கால வேகம். பிப்ரவரியில் உதிர்ந்த இலை மே மழை வரும்வரை அப்பளமாய்க் கிடக்கும், அப்போது விகிதமும் கிடையாது ஒன்றும் கிடையாது. நாலு மாதத்தை மூன்றால் பெருக்கி வருஷத்துக்கு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை, புத்தகத்தில் இருந்தாலும்.

கேஜிஎஃப் பையன் | அக்டோபர் 27, காலை 11:40

நான் ஒரு கணக்கு போட்டேன், கோபிக்காதீங்க. ஒரு ஏக்கர் தேக்கு வருஷத்துக்கு ரெண்டு டன் காய்ஞ்ச சருகு போடுதுன்னு வைங்க. 1 சதவீதம்னா 20 கிலோ தழைச்சத்து. யூரியாவுல 46 சதவீதம், 45 கிலோ மூட்டையில 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஆக ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா. ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை, 550 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. இதுக்கா மாமனார் மருமகன் சண்டை, பை, உலை, ஜெயநகர் பயணம்? ஆட்டோ செலவே அதுக்கு மேல ஆயிருக்கும்.

புங்கமரத்தடி | அக்டோபர் 27, மதியம் 12:10

😂😂 ஆட்டோ இல்ல தம்பி, மெட்ரோவுல போயிருப்பார்.

சருகுக்கிழவர் | அக்டோபர் 28, காலை 5:55

கணக்கு சரி. தழைச்சத்துக்காக மட்டும் சருகைக் காப்பாற்றுவதென்றால் நானும் யூரியாவே வாங்கச் சொல்வேன். ஆனால் இது தேக்குத் தோப்பு என்பதை மறந்துவிட்டீர்கள்.

மழை பெய்யும்போது ஒருமுறை தேக்கடியில் நின்று பாருங்கள். அகலமான இலை, சின்னத் துளிகளை எல்லாம் சேர்த்து நுனியில் பெரிய சொட்டாக்கி, முப்பது நாற்பது அடி உயரத்திலிருந்து போடும். வெட்டவெளியில் விழும் மழைத்துளியைவிடக் கனமான சொட்டு. தரையில் சருகு இருந்தால் "பொத்" என்று சருகு மேல் விழும். எரித்துவிட்ட தரையென்றால் செம்மண்ணைக் குத்தித் தெறிக்கவைத்து, நுண்துளைகளை அடைத்து, மேலே ஓடு கட்டிவிடும். அதன்பிறகு தண்ணீர் இறங்காது, ஓடும். ஓடும் தண்ணீரோடு மேல்மண் போகும். எரித்த தேக்குத் தோட்டங்களில் மரத்தின் வேர் முழங்கால் மாதிரி வெளியே தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணுக்கு மூட்டை என்ன விலை?

சருகை வாரிக்கொண்டே போனால் காடு மெலியும் என்பது ஜெர்மனிக்காரனுக்கு எப்போதோ தெரியும். பவேரியாவில் மாட்டுத் தொழுவத்துக்குப் படுக்கை போடக் காட்டுச் சருகை வாரி வாரி, மரம் வளர்ச்சி குன்றிப்போய், எபர்மாயர் என்பவர் 1876இல் அதைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு, உத்தர கன்னடத்தின் சொப்பின பெட்டா. பாக்குத் தோட்டக்காரர் தழையும் சருகும் எடுக்கக் காட்டில் ஒதுக்கிய நிலம் அது. ஒரு ஏக்கர் பாக்குத் தோட்டத்துக்கு 9 ஏக்கர் வரை வெள்ளைக்காரன் காலத்திலேயே கொடுத்தார்கள். ஒரு ஏக்கரைப் பசுமையாக வைக்க ஒன்பது ஏக்கரின் இலை. யூரியா மூட்டைக் கணக்கோடு இதையும் வைத்துப் பாருங்கள்.

தேக்குமரத்தான் | அக்டோபர் 28, இரவு 9:20

வேர் முழங்கால் மாதிரி தெரிவது எங்கள் தோப்பில், கிழக்குச் சரிவில் இருக்கிறது. இத்தனை நாள் அது தேக்கின் குணம் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் மாமனார் சொல்கிற சாம்பலில் ஒன்றுமே இல்லையா?

ஜெயநகர் மங்கை | அக்டோபர் 28, இரவு 9:55

இருக்கிறது, பெயரிலேயே இருக்கிறதே, சாம்பல்சத்து! எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதியும் கந்தகத்தில் கணிசமும் புகையோடு போய்விடும். சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து மூன்றும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். எரித்த வருஷம் மரம் கொஞ்சம் துளிர்ப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், மாமனார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். என்ன, பிப்ரவரியில் எரித்த சாம்பல் ஏப்ரல், மே இடிமழையில் கரைந்து ஓடையைச் சேரும். உங்கள் கிழக்குச் சரிவில் நிச்சயம் சேரும்.

அந்த முதல் மழைக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்த மண் திடீரென்று நனைந்தால் நுண்ணுயிர்கள் ஒரே வீச்சில் விழித்துத் தழைச்சத்தை அள்ளி விடும். 1958இல் கென்யாவிலிருந்து பர்ச் என்பவர் எழுதியது. அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள வேரும் மூடாக்கும் இல்லையென்றால் அதுவும் தண்ணீரோடுதான்.

புங்கமரத்தடி | அக்டோபர் 29, காலை 7:10

எல்லாம் சரிங்க, தீ? மார்ச்ல முழங்கால் உயரம் தேக்குச் சருகு கிடந்தா ஒரு பீடித் துண்டு போதும். எரிக்கிற தோட்டக்காரரைக் குத்தம் சொல்லாதீங்க, அவருக்குப் பாம்பும் தீயும்தான் பயம். எங்க தோட்டத்துல வேலியை ஒட்டிச் சுத்தி பத்தடி அகலம் சுத்தமாப் பெருக்கிடுவோம். பெருக்கினதை எரிக்காம, உள்ள ரெண்டு மரத்துக்கு நடுவுல குழி எடுத்து, ஒரு அடுக்கு தேக்குச் சருகு, ஒரு அடுக்கு கவாத்து செஞ்ச புங்கந்தழை, மேல சாணித் தண்ணி. நடை போற பாதையும் சுத்தமா இருக்கும், பாம்பு பயமும் குறையும்.

சருகுக்கிழவர் | அக்டோபர் 29, காலை 7:45

இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. புங்கத்தின் தழைச்சத்தை வைத்துத் தேக்கின் பசியை அடக்குவது. ஓக் சருகை மட்டும் குழியில் போடாதீர்கள், ஒரு வருஷம் ஆனாலும் முழுசாக மக்காது. கிழக்குச் சரிவில் மூடாக்காகப் பரப்புங்கள். சீக்கிரம் மக்காத இலைக்கு அதுதான் பொருத்தமான வேலை, நின்று மண்ணைக் காக்கும்.

மிச்சப் பைகளில் புங்கத்தை டிசம்பரில் எடுங்கள், தேக்கை பிப்ரவரியில், ஓக்கை அடுத்த ஜூன் வரை தொடாதீர்கள்.

தேக்குமரத்தான் | நவம்பர் 2, இரவு 8:15

இன்றைக்குத் தோப்புக்குப் போனோம். தோட்டக்காரரிடம் பத்தடிப் பாதை, குழி எல்லாம் சொன்னேன். குழி வெட்டத் தனிக்கூலி கேட்டார், நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். மாமனார் ஒன்றும் பேசாமல் கிழக்குச் சரிவில் ஒரு தேக்கின் வேரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் காரில், பழைய நீலகிரிக் கட்டையிலிருந்து ஓரத்தில் இன்னும் துளிர்த்துக்கொண்டிருக்கிறதே, அந்த இலைக்கும் ஆறு பை வைக்கச் சொன்னார். தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. நாளை சாயங்காலம் போகவேண்டும்.